ஒரே தாளில் உடம்பும் வீட்டுக் கடனும்: ராமமூர்த்தி நகர்க் குடும்பம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பெங்களூரு ராமமூர்த்தி நகரில் இரண்டு படுக்கையறை ஃபிளாட். கணவருக்கு 41 வயது. ஒயிட்ஃபீல்டு பக்கம் ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. மனைவிக்கு 38, தனியார் பள்ளி ஆசிரியை. எட்டாம் வகுப்பு படிக்கும் மகள். கணவரின் தாயாருக்கு 68 வயது, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். இருவர் சம்பளமும் சேர்ந்து கைக்கு மாதம் 1,20,000 ரூபாய் வருகிறது. வேர் ஆம்பூர்ப் பக்கம். ஆதாரும் ரேஷன் கார்டும் இன்னும் ஊர் முகவரியிலேயே இருக்கின்றன.

இது ஆய்வுக்காக வகுத்துக்கொண்ட மாதிரிக் குடும்பம். வயது, சம்பளம், செலவு, ரத்தப் பரிசோதனை எண்கள் எல்லாம் பெங்களூருத் தமிழ் வீடுகளில் சாதாரணமாகக் காணக்கூடிய அளவில் வைத்தவை. ரெப்போ விகிதம் (வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கொடுக்கும் கடனின் வட்டி), ரிசர்வ் வங்கி விதிகள், கர்நாடக அரசுத் திட்டங்கள், உணவு அளவுகள் ஆகியவை உள்ளபடியே. தவணைக் கணக்கை யார் வேண்டுமானாலும் கால்குலேட்டரில் போட்டுச் சரிபார்க்கலாம்.

சொல்ல வருவது இதுதான்: கடனை அடைக்கச் சிக்கனம் பிடிக்கும் வீட்டில் உடல்நலக் கணக்கும் காசுக் கணக்கும் ஒரே தாளில் இருக்க வேண்டும், அந்தத் தாளில் காசுக் கட்டத்தைத் தடுத்து நிறுத்தும் அதிகாரம் உடம்புக் கட்டத்துக்கு இருக்க வேண்டும். இரண்டும் தனித்தனி நோட்டில் இருந்தால், சிக்கனம் முதலில் தின்பது காய்கறியையும் தூக்கத்தையும்தான்.

கடன் எப்படி நீண்டது

2021 ஏப்ரலில் 40 லட்சம் ரூபாய்க் கடன், 20 ஆண்டு, ரெப்போவோடு கட்டிய, அதோடு ஏறி இறங்கும் ஃப்ளோட்டிங் வட்டி 7 சதவீதம். தவணை 31,012. அப்போது ரெப்போ 4 சதவீதம். 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரிசர்வ் வங்கி அதை 6.5 ஆக்கியது. கடன் வட்டியும் 9.5 ஆனது. கணக்கு எளிதாக இருக்க, இந்த ஏற்றம் முழுவதும் 2023 ஏப்ரலில் ஒரே அடியாக வந்ததாக வைத்துக்கொள்வோம். அன்றைய நிலுவை சுமார் 38.03 லட்சம். பழைய தவணையிலேயே விட்டால் கடன் முடிய இன்னும் 448 மாதம் பிடிக்கும். வங்கி அவ்வளவு தூரம் விடாது. மொத்தக் காலம் 30 ஆண்டைத் தாண்டாதபடி மீதியை 336 மாதமாக நீட்டி, தவணையை 32,396 ஆக்கியது.

குடும்பத்தின் கண்ணில் பட்டது 1,384 ரூபாய் கூடியது மட்டும். மீதி 18 ஆண்டு 28 ஆனது ஸ்டேட்மெண்ட்டின் ஓர் ஓரத்தில் இருந்தது. கணவருக்கு 68 வயது ஆகும்வரை தவணை ஓடும். அடுத்த ஒரு வருடத்தில் கட்டிய தொகை 3,88,752 ரூபாய். அசலில் குறைந்தது சுமார் 28,700. மீதி அத்தனையும் வட்டி. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்த பிறகுதான் பெரும்பாலான வீடுகளில் கடனை அடைக்கும் எண்ணம் மெய்யாகவே பிறக்கிறது. உங்கள் வீட்டுக்கும் அதைச் செய்யுங்கள்: வங்கியிடம் கடந்த நிதியாண்டின் வட்டிச் சான்றிதழ் வாங்கினால் கட்டிய வட்டியும் கழிந்த அசலும் அதில் இருக்கும்.

2024 ஏப்ரலில் நிலுவை 37.74 லட்சம், மீதி 324 மாதம். மாதம் 12,000 கூடுதலாக அசலில் கட்டினால் 142 மாதத்தில் முடியும். கைவிட்டுப் போகும் மொத்தத் தொகையில் வித்தியாசம் சுமார் 42 லட்சம். தனிநபர்களின் ஃப்ளோட்டிங் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டிக் கட்டினால் அபராதம் வசூலிக்கக் கூடாது என்பது 2012 முதல் வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி விதி. ஆகவே தடை கட்டணத்தில் இல்லை. அந்த 12,000 எங்கிருந்து வரும் என்பதில்தான் இருக்கிறது.

கடனில் கை வைக்கும் முன் மூன்று வேலை முடிந்திருக்க வேண்டும். கிரெடிட் கார்டு பாக்கி இருந்தால் அது முதலில், ஏனென்றால் அதன் வட்டி வீட்டுக் கடனைப்போல மூன்று நான்கு மடங்கு. மூன்று மாதச் செலவும் தவணையும் தாங்கும் அளவுக்குத் தனியாகப் பணம். இந்த வீட்டுக்கு இரண்டரை லட்சம். கடன் நிலுவைக்குக் குறையாத டேர்ம் இன்ஷூரன்ஸ், அதாவது இறப்புக்கு மட்டும் பணம் தரும் ஆயுள் காப்பீடு. முன்கூட்டிக் கட்டிய பணத்தை அவசரத்துக்குத் திருப்பி எடுக்க முடியாது. ஓவர்டிராஃப்ட் வகைக் கடன் மட்டும் விதிவிலக்கு.

வரிச் சலுகைக்காகக் கடனை வைத்துக்கொள்ளலாம் என்ற வாதம் இன்று இந்த வருமானத்துக்குப் பொருந்தாது. புதிய வரி முறையில் குடியிருக்கும் வீட்டின் வட்டிக்குக் கழிவு கிடையாது. 2025-26 நிதியாண்டு முதல் சம்பளக்காரருக்கு 12.75 லட்சம் வரை அந்த முறையில் வரியே இல்லை. பழைய முறையிலும் கழிவு ஆளுக்கு ஆண்டுக்கு 2 லட்சம்தான்.

தாள்

ஏ3 அளவுத் தாள், மாதத்துக்கு ஒன்று, ஃபிரிட்ஜ் கதவில். நாளுக்கு ஒரு வரிசை, ஆறு பத்தி. நான்கு உடம்புக்கு: நடை 30 நிமிடம், காய்கறி, இரவு 10.45-க்குள் படுக்கை, மருந்து. இரண்டு காசுக்கு: முன்கூட்டி எழுதிய பட்டியலில் இல்லாத செலவு இல்லை, வெளிச்சாப்பாடு இல்லை. வலது ஓரத்தில் ஒரு வெற்றுப் பத்தி. அதில் ஞாயிறுதோறும் மின் மீட்டர் எண்.

கணவருக்கு நீலப் பேனா, மனைவிக்குப் பச்சை. இருவரும் போட்டால்தான் அந்தக் கட்டம் நிறைந்ததாகக் கணக்கு. மருந்துக் கட்டம் மட்டும் மாமியார் கையால். இரவுச் சாப்பாடு முடிந்து பாத்திரம் ஒதுக்கும் நேரத்தில் மூன்று நிமிட வேலை. காலையில் போடலாம் என்று விட்டால் மூன்றாவது நாளில் ஞாபகத்திலிருந்து இட்டுக்கட்டத் தொடங்குவார்கள். காய்ச்சல், பண்டிகை, ஊர்ப் பயணம் என்றால் கட்டத்தில் ‘வி’ என்று எழுதி விலக்கு. ஆனால் வாரத்துக்கு இரண்டுக்கு மேல் கூடாது. பத்திகளை ஆறுக்கு மேல் கூட்டக் கூடாது. தண்ணீர் எத்தனை டம்ளர், எத்தனை காலடி, எத்தனை பக்கம் படித்தோம் என்று பன்னிரண்டு பத்தி போட்ட தாள்கள் இரண்டாவது மாதத்தைத் தாண்டுவதில்லை.

மொபைல் செயலி வேண்டாமா என்றால், ஒருவர் மட்டும் கணக்கு வைக்கும் இடத்தில் செயலி நல்லது. நான்கு பேர் வீட்டில் எல்லோர் கண்ணிலும் படும் தாள்தான் வேலை செய்கிறது. மகள் பள்ளியிலிருந்து வந்து ஃபிரிட்ஜைத் திறக்கும்போது அப்பாவின் நடைக் கட்டம் மூன்று நாளாகக் காலியாக இருப்பதைப் பார்க்கிறாள். அதற்கு மேல் நினைவூட்டல் தேவைப்படாது.

ஞாயிறு மாலை இருபது நிமிடம் எண்ணிக்கை. நான்கு உடம்புக் கட்டம், ஏழு நாள்: மொத்தம் 28. யுபிஐ வரலாற்றைத் திறந்து வாரச் செலவை மேலிருந்து கீழாகப் படித்து, பட்டியலில் இல்லாதவற்றின் கூட்டுத்தொகையைத் தாளின் அடியில் சிவப்பில் எழுத வேண்டும். இந்தச் சிவப்பு எண் கட்டாயம். அது இல்லாவிட்டால் திங்கள் முதல் வெள்ளி வரை வாங்காமல் தள்ளிப்போட்டு ஐந்து டிக் வாங்கிவிட்டு, சனிக்கிழமை மாலில் மூவாயிரம் செலவாகும். தாள் மட்டும் அழகாக இருக்கும். மிச்சம் பிடித்த தொகையை அன்றே வேறொரு சேமிப்புக் கணக்குக்கு மாற்றிவிட வேண்டும். சம்பளக் கணக்கிலேயே கிடக்கும் மிச்சம் மாதக் கடைசியில் இருப்பதில்லை.

பன்னிரண்டாயிரம் வந்த வழி

சாப்பாட்டுச் செயலியில் மாதம் பத்து ஆர்டர், சராசரி 540 ரூபாய். அதை இரண்டாக்கினால் சுமார் 4,300 மிச்சம். ஆர்டர்கள் பெரும்பாலும் செவ்வாய், வியாழன் இரவுகளில், இருவரும் ஏழரைக்கு மேல் வீடு திரும்பும் நாள்களில் விழுகின்றன. ஆகவே உறுதி எடுத்துப் பயனில்லை. அந்த இரண்டு நாளுக்கு மாவு இருக்க வேண்டும். ஞாயிறும் புதனும் அரைத்தால் போதும். பொடியும் சட்னியும் இருந்தால் தோசை பதினைந்து நிமிடம்; ஆர்டர் வந்து சேர அதைவிட நேரமாகும்.

மனைவி பள்ளிக்குப் போய்வரும் ஆட்டோ மாதம் 2,000. கர்நாடகத்தின் சக்தித் திட்டத்தில் 2023 ஜூன் 11 முதல் பெண்களுக்குச் சாதாரண அரசுப் பேருந்துகளில் கட்டணமில்லை. பெங்களூரு நகரப் பேருந்துக் கழகமான பிஎம்டிசியும் அதில் அடக்கம். ஆனால் கர்நாடக முகவரி உள்ள அடையாள அட்டை காட்ட வேண்டும். ஆதாரை ஊர் முகவரியிலேயே வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்கள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கின்றன. சொந்த வீடு வாங்கிக் குடியேறியாயிற்று என்றால் மின் கட்டண ரசீதை வைத்து முகவரியை மாற்றிவிடுவதே சரி. ஊர் ரேஷன் கார்டில் பெயர் இருப்பதால் என்ன பயன், எதை இழப்போம் என்பதை முதலில் குடும்பத்தோடு பேசி முடிவெடுத்துக்கொள்ள வேண்டும்.

கணவரின் கேப் செலவில் 2,300. மெட்ரோவின் பர்ப்பிள் லைனில் பையப்பனஹள்ளிக்கும் கே.ஆர்.புரத்துக்கும் இடையில் விட்டுப்போயிருந்த பகுதி 2023 அக்டோபர் 9 அன்று திறந்த பிறகு, பென்னிகானஹள்ளியில் ஏறினால் ஒயிட்ஃபீல்டு பக்கம் நேராகப் போகலாம். 2025 பிப்ரவரியில் கட்டணம் ஏறியது. அதிகபட்சம் 90 ரூபாய் ஆனது. அப்படியும் மழை நாள் கேப்போடு ஒப்பிட்டால் மெட்ரோ மலிவு. ஒன்றில் மட்டும் கவனம்: ஸ்டேஷனுக்கு நடந்து போவதையே அன்றைய நடையாகக் கணக்குப் போடக் கூடாது. டின் ஃபேக்டரி சந்திப்பில் காலை எட்டரை மணிக்குப் புகையிலும் உடைந்த நடைபாதையிலும் நின்று நின்று போகும் பத்து நிமிடம் மூச்சு வாங்க வைக்கும் நடை ஆகாது. நடை விடியற்காலையில் குடியிருப்பின் உள்சாலையில்தான்.

மின்சாரம் 1,700. கர்நாடக அரசின் இலவச மின்சாரத் திட்டமான கிருஹ ஜோதியில், இந்த அளவு மின்சாரம் செலவாகும் வீட்டுக்கு 2022-23 ஆண்டின் மாதச் சராசரியும் அதோடு பத்து சதவீதமும்தான் இலவச அளவு. இந்த வீட்டுச் சராசரி 165 யூனிட், ஆக 181 வரை கட்டணம் பூஜ்யம். அதற்கு மேல் 200 வரை கூடுதல் யூனிட்டுக்கு மட்டும் பணம். 200-ஐத் தாண்டினால் முழு பில்லும் கட்ட வேண்டும். வீடு 215 யூனிட்டில் ஓடிக்கொண்டிருந்தது; பதினைந்து யூனிட்டுக்காக முழுச் சலுகையும் போனது. நாளுக்கு 6 யூனிட் என்பது இலக்கு, வாரத்துக்கு 42. குற்றவாளி கீஸர்: 2 கிலோவாட் கீஸர் அரை மணி ஓடினால் ஒரு யூனிட். நான்கு பேருக்கு நான்கு முறை போட்டு நிறுத்துவதைவிட, ஒரே சூட்டில் இருவர் அடுத்தடுத்துக் குளித்தால் நாளுக்கு ஒரு யூனிட்டுக்கு மேல் குறையும். ஞாயிறு மீட்டர் எண் 42-க்கு மேல் போனால் மீதி மூன்று வாரத்தில் சரிக்கட்டலாம். பில் வந்த பிறகு பார்த்தால் ஒன்றும் செய்ய முடியாது.

போகாத ஜிம்முக்கு 1,500, யாரும் பார்க்காத ஓடிடி, தேவைக்கு மேற்பட்ட போஸ்ட்பெய்டு என 1,200. எண்ணெய், சர்க்கரை, மாலை பேக்கரியில் 1,600. மொத்தம் 14,600.

மூன்றாவது மாதம் தாளில் தெரிந்தது

முதல் இரண்டு மாதம் 14,600-ஐயும் அப்படியே கடனுக்குக் கட்டினார்கள். மூன்றாவது மாதத் தாளில் காசுப் பத்திகள் இரண்டிலும் 24, 25 டிக். காய்கறிப் பத்தியில் 9. படுக்கைப் பத்தியில் 11. ஒரே தாளில் இருந்ததால்தான் இது கண்ணில் பட்டது.

நடந்தது என்ன என்று பார்த்தால் புதிதாக ஒன்றுமில்லை. மளிகைப் பட்டியலைக் குறைக்கச் சொன்னால் கை முதலில் போவது விலை கூடியதன் மேல்: பீன்ஸ், கீரைக்கட்டு, பழம், பருப்பு. அரிசியும் உருளைக்கிழங்கும் மலிவு, வயிறும் நிரம்பும். மனைவி மாலையில் இரண்டு பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்க ஆரம்பித்ததால் சமையல் தள்ளிப்போய், படுக்கை பதினொன்றரை ஆனது. கணவருக்குத் தொடக்கத்தில் எச்பிஏ1சி (ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் பரிசோதனை) 6.1; இது 5.7 முதல் 6.4 வரையிலான முன்நீரிழிவு எல்லைக்குள். இடுப்பு 98 சென்டிமீட்டர். இந்திய ஆண்களுக்கு 90-க்கு மேல் போனாலே எச்சரிக்கை. மனைவிக்கு ஹீமோகுளோபின் 10.4, கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12-க்குக் கீழ் ரத்தசோகை. இப்படிப்பட்ட இரண்டு உடம்புகளில் சோறும் கிழங்கும் கூடி, பருப்பும் கீரையும் தூக்கமும் குறைந்தால் திசை எது என்று சொல்ல வேண்டியதில்லை.

சென்னையில் நடந்து 2006-இல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். முன்நீரிழிவு நிலையில் இருந்த 531 பேரில், வழக்கமான அறிவுரை மட்டும் பெற்ற பிரிவில் மூன்று ஆண்டில் 55 சதவீதம் பேருக்கு நீரிழிவு வந்தது. நடையும் உணவு மாற்றமும் கடைப்பிடித்த பிரிவில் 39.3 சதவீதம். நம் மக்களிடமே செய்து கண்ட முடிவு இது. கணவர் இருக்கும் இடத்திலிருந்து எந்தப் பக்கமும் போகலாம். காய்கறிப் பத்தியும் நடைப் பத்தியும் அதைத்தான் கண்காணிக்கின்றன.

ஆகவே விதி மாறியது. வாரத்தில் 28-க்கு 20 உடம்புக் கட்டம் நிறைந்தால்தான் அந்த வார மிச்சம் கடனுக்குப் போகும். 20-க்குக் கீழே போனால், எந்தப் பத்தி விழுந்ததோ அதைச் சரிசெய்ய அந்தப் பணம் செலவாகும்: காய் நறுக்க ஆள், டியூஷன் இல்லாத ஒரு மாலை, காலுக்குப் பொருந்தும் செருப்பு, தள்ளிப்போட்ட ரத்தப் பரிசோதனை. இதைத் தண்டனையாகப் பார்க்காமல், மிச்சம் எங்கிருந்து திருடப்பட்டதோ அங்கே திருப்பிக் கொடுப்பதாகப் பார்க்க வேண்டும். இருபது என்பது கறாராக இல்லை என்று தோன்றலாம். 28-க்கு 26 கேட்டால் தாளில் பொய் டிக் விழும். 20 என்றால் எவரும் பொய் எழுத மாட்டார்கள்.

அடுக்களை அளவுகள்

ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டி, நாளுக்கு 2,000 கலோரித் தட்டுக்குச் சொல்லும் அளவு: கீரை உட்பட காய்கறி 400 கிராம், பழம் 100 கிராம், பருப்பு வகை 85 கிராம், எண்ணெய் 27 கிராம். இதை நான்கு பேர் வீட்டுக்கு மாற்றினால்தான் கடைக்குப் போக உதவும்.

காய்கறி நாளுக்கு 1.6 கிலோ, வாரத்துக்கு 11 கிலோ. உருளைக்கிழங்கு இதில் சேராது. இந்த வீடு வாரம் ஆறு கிலோ வாங்கிக்கொண்டிருந்தது. ஐந்து கிலோ எடை போடும் சமையலறைத் தராசு ஒன்று இருந்தால், காலையில் குழம்புக்கும் பொரியலுக்கும் நறுக்கியதை ஒரே தட்டில் வைத்து எடை பார்த்துக் காய்கறிக் கட்டத்தில் டிக் போடலாம். இரண்டு வாரத்தில் கண்ணுக்கே அளவு பழகிவிடும். வீட்டு வாசலுக்கு வரும் செயலியில் அரை கிலோ அரை கிலோவாக வாங்குவதைவிட தோட்டக்கலைக் கூட்டுறவான ஹாப்காம்ஸ் கடையிலோ கே.ஆர்.புரம் சந்தையிலோ வாரத்துக்கு ஒருமுறை வாங்குவது மலிவு. கீரை மட்டும் இரண்டு நாளுக்கு ஒருமுறை தெருவில் வரும் வண்டியில்.

பருப்பு கணக்குதான் எல்லோரையும் திடுக்கிட வைக்கும். 85 கிராம் வீதம் நாளுக்கு 340 கிராம், மாதம் பத்து கிலோ. நம் வீடுகளில் துவரையும் உளுந்தும் சேர்ந்து நான்கைந்து கிலோவைத் தாண்டுவதில்லை. மீதியை முட்டை, மீன், கொண்டைக்கடலை, தட்டைப்பயறு, பச்சைப்பயறு கொண்டு நிரப்பலாம். மாலை ஐந்து மணிக்குச் சுண்டல் இருந்தால் பேக்கரிப் பஃப்ஸ் தானாக நின்றுவிடும். இந்த ஒரு மாற்றத்தில் காசும் உடம்பும் ஒரே பக்கம் சாய்கின்றன.

எண்ணெய்க்கும் உப்புக்கும் தினமும் எடை பார்க்க வேண்டியதில்லை. பாக்கெட்டைப் பிரிக்கும் அன்று அதன் மேல் மார்க்கரால் தேதி எழுதினால் போதும். நான்கு பேருக்கு நாளுக்கு 108 கிராம் எண்ணெய். ஒரு லிட்டர் எண்ணெயின் எடை சுமார் 910 கிராம். ஆக ஒரு லிட்டர் எட்டு நாள் வர வேண்டும். ஒன்றாம் தேதி பிரித்தது ஆறாம் தேதி தீர்ந்தால், அந்த வாரம் பூரியும் அப்பளமும் கூடிப்போயின என்று அர்த்தம். மாதம் ஐந்து லிட்டர் வாங்கிய வீடு மூன்றரை லிட்டருக்கு வர முடியும். உப்பு, உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் அளவில், ஆளுக்கு நாளுக்கு 5 கிராமுக்குள். நான்கு பேருக்கு ஒரு கிலோப் பாக்கெட் ஐம்பது நாள் வர வேண்டும். ஊறுகாய், அப்பளம், ஹோட்டல் சாம்பார் வழியாக வரும் உப்பையும் சேர்த்துத்தான் அந்த 5 கிராம் என்பதால் அறுபது நாள் வந்தால் நல்லது. ரத்த அழுத்தம் உள்ளவர் இருக்கும் வீட்டில் மார்க்கர்த் தேதிதான் மிக மலிவான மருத்துவக் கருவி.

மனைவியின் ரத்தசோகைக்குக் காசு செலவில்லாத மாற்றம் ஒன்று: சாப்பாட்டோடும் சாப்பிட்ட உடனும் குடிக்கும் காபி, டீயை ஒரு மணி நேரம் தள்ளிவைப்பது. அவை இரும்புச்சத்தை உடல் உறிஞ்சவிடாமல் தடுக்கின்றன. கீரைக்கு எலுமிச்சை பிழிந்தால் உறிஞ்சுதல் கூடும். 10.4 என்பது உணவால் மட்டும் ஏறும் அளவல்ல; காரணம் கண்டுபிடித்து மாத்திரை தர மருத்துவர் வேண்டும்.

இந்த மாற்றங்களுக்குக் காய், பழம், பருப்பு, முட்டை என மாதம் கூடுதலாக 2,600 ஆனது. 14,600-இல் அது போகக் கடனுக்கு 12,000. முழு 14,600-ஐயும் கட்டியிருந்தால் 142 மாதத்துக்குப் பதில் 128 மாதத்தில் கடன் முடிந்திருக்கும். அதாவது காய்கறிக்கும் பருப்புக்கும் கொடுத்த விலை பதினான்கு மாதம். மறைக்காமல் எழுதிவைக்க வேண்டிய எண் இது. 40 வயதில் முன்நீரிழிவோடும் ரத்தசோகையோடும் இருக்கும் வீட்டுக்கு அந்தப் பதினான்கு மாதம் நியாயமான விலை என்பதே எங்கள் தீர்ப்பு.

மருந்துப் பத்தி

சிக்கனம் மிக ஆபத்தாக நுழையும் இடம் இது. வீட்டில் எல்லோரும் மிச்சம் பிடிப்பதைப் பார்க்கும் பெரியவர்கள், யாரிடமும் சொல்லாமல் அழுத்த மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிடத் தொடங்குவார்கள். மாமியார் தன் கையால் டிக் போடுவது அதற்காகத்தான். மாத்திரை அட்டையை மருமகள் ஞாயிறன்று எண்ணிப் பார்க்கலாம்: “அத்தை, இந்த வாரம் ஏழு போயிருக்கணுமே, அஞ்சுதான் போயிருக்கு” என்று கேட்டால் போதும், சண்டை வேண்டாம். செலவைக் குறைக்க வேண்டுமானால் அதே மூலப்பொருள் மாத்திரையை மருத்துவரிடம் சொல்லி மத்திய அரசின் மலிவு விலை மருந்துக் கடையான ஜன் ஔஷதியில் வாங்கலாம். அழுத்தத்தையும் சர்க்கரையையும் கர்நாடக அரசின் நம்ம கிளினிக்கில் இலவசமாகப் பார்க்கலாம்.

வீட்டில் அளக்கும்போது ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, கை இதய உயரத்தில் இருக்க, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை. வீட்டு அளவு 135/85-ஐ அடிக்கடி தொட்டால் மருத்துவரிடம் தாளோடு போக வேண்டும். எச்பிஏ1சி மூன்று மாதச் சராசரியைக் காட்டுவதால் அதற்கு முன் மறுபடி எடுப்பது வீண் செலவு.

பணம் அசலில் சேர்ந்ததா

மாதம் முழுக்கக் கட்டிய ஒழுங்கு வங்கியில் ஒரே சொல்லில் வீணாகலாம். கூடுதல் தொகையைக் கடன் கணக்குக்கு அனுப்பிவிட்டால் மட்டும் போதாது. சில இடங்களில் அது அடுத்த தவணைக்கான முன்பணமாகத் தேங்கிக் கிடக்கும், வட்டி முழு அசலுக்கே ஓடும். ‘பார்ட் பேமெண்ட், தவணை மாறாமல் காலம் குறைக்க’ என்று தெளிவாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். சொல்லாவிட்டால் சில இடங்களில் தவணையைக் குறைத்துவிடுவார்கள். கையில் சில நூறு ரூபாய் மிஞ்சும், காலம் அப்படியே இருக்கும். கட்டிய மறுநாள் ஸ்டேட்மெண்ட் இறக்கி, அசல் அந்தத் தேதியிலேயே குறைந்ததா என்று பார்த்துத் தாளின் பின்பக்கம் புதிய நிலுவையை எழுத வேண்டும். ஒரு தவணைத் தொகைக்குக் குறைந்ததைப் பகுதியாக ஏற்காத நிறுவனங்களும் உண்டு; அப்படியானால் மூன்று மாதம் சேர்த்து 36,000-ஆகக் கட்டலாம்.

வட்டி மாறும்போது தவணையை ஏற்றுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டுமா என்ற தேர்வைக் கடன் வாங்கியவருக்குத் தர வேண்டும் என்று 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி சொன்னது. கடிதம் எழுதிக் கேட்கலாம். புதிய வாடிக்கையாளருக்குக் குறைந்த வட்டி தரும் வங்கி, பழையவருக்கும் சிறு கட்டணத்தில் ஸ்பிரெட்டை (ரெப்போவுக்கு மேல் வங்கி சேர்க்கும் வட்டியை) குறைப்பதுண்டு, கேட்டால்தான் கிடைக்கும்.

2025 ஜூலையில் எடுத்த முடிவு

2025-இன் முதல் பாதியில் ரெப்போ பிப்ரவரியில் 6.25, ஏப்ரலில் 6, ஜூனில் 5.5 என இறங்கியது. மொத்த இறக்கமும் ஜூலையில் வந்ததாக வைத்தால், பதினைந்து மாதம் கூடுதலாகக் கட்டிய பிறகு நிலுவை சுமார் 35.44 லட்சம், வட்டி 8.5. தவணையும் 12,000-மும் அப்படியே தொடர்ந்தால் இன்னும் 118 மாதம். பழைய வட்டியில் 127 மாதம் ஆகியிருக்கும்.

வட்டி குறைந்ததும் தவணையைக் குறைத்துக்கொள்ளச் சொல்லி வந்த செய்தியை ஏற்கவில்லை. ஆனால் ஒன்பது மாதத்தையும் கடனுக்கே விடவும் இல்லை. மாமியாருக்கு இருந்தது கணவரின் அலுவலகக் காப்பீடு மட்டும். வேலை மாறினால் அது போய்விடும். குடும்பம் முழுக்க ஒரே தொகையைப் பகிர்ந்துகொள்ளும் ஃப்ளோட்டர் பாலிசியில் அவரைச் சேர்த்தால் மூத்தவர் வயதை வைத்து எல்லோருக்கும் பிரீமியம் ஏறும். ஆகவே அவருக்குத் தனி பாலிசி. ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்பு 2024 முதல் அதிகபட்சம் மூன்று ஆண்டுதான். இருந்தாலும் அந்த மூன்று ஆண்டு இப்போதே ஓடத் தொடங்கினால்தான் 71 வயதில் பயன்படும். ரத்த அழுத்தத்தை விண்ணப்பத்தில் மறைக்காமல் எழுதியாக வேண்டும். மறைத்ததைக் காட்டித்தான் பல கிளெய்ம்கள் தள்ளப்படுகின்றன. தனிநபர் மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்துக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி கிடையாது.

அதற்காக மாதம் 2,000-ஐக் கடனிலிருந்து திருப்பினார்கள். இப்போது கூடுதல் தொகை 10,000; கடன் முடிய 127 மாதம், பழைய வட்டியில் முடிய வேண்டிய அதே மாதம். பிரீமியம் போக அந்த 2,000-இல் மிஞ்சுவது, காத்திருப்புக் காலத்தில் அழுத்தம் தொடர்பான மருத்துவமனைச் செலவு வந்தால் எடுக்கத் தனி ஆர்டியில் (மாதாமாதம் கட்டும் வைப்புக் கணக்கில்) சேர்கிறது. தாளில் மருந்துப் பத்திக்குப் பக்கத்தில் ஆர்டி தவணைத் தேதியும் எழுதப்பட்டது.